சின்னம்மா நிறுத்திய மருந்து

அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மருந்துப் பெட்டியைச் சின்னம்மா எடுத்துத் தந்தார்.

"பிள்ளை, உதில கான்சர் வருமெண்டு போட்டிருக்காம். பாமசியில நிண்ட பெட்டை சொன்னவ. ஒரு கிழமையோட நிப்பாட்டிப்போட்டன்."

சின்னம்மாவுக்கு 58 வயது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் சித்தப்பாவை இழந்தவர். ஒரு வருடமாகச் சலம் போகும்போது எரிவு. தொற்று என்று திரும்பத் திரும்ப அன்ரிபயோட்டிக் குடித்தார். கடைசியில் பெண் நோயியல் வைத்தியர் எழுதிக்கொடுத்தது, யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிறீம்.

மாதவிடாய் நின்றபின் உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. யோனியிலும் சலப்பாதையிலும் தோல் மெலிந்து வறண்டுபோகிறது. எரிவும் அரிப்பும் அடிக்கடி வரும் சலத்தொற்றும் பெரும்பாலும் இதனால்தான். இந்த மருந்து அந்த இடத்தில் மட்டும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனைக் கொடுக்கிறது.

பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை வாசித்தேன். புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி எல்லாம் இருந்தன. அந்த எச்சரிக்கைக்கு ஒரு கதை உண்டு. 2002 இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, வாயால் தினமும் குடிக்கும் ஓமோன் மாத்திரைகளில் இந்த ஆபத்துகள் சற்றுக் கூடுவதைக் கண்டது. அதன்பின் யோனிக்குள் வைக்கும் மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை ஒட்டப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. யோனிக்குள் வைக்கும் 10 மைக்ரோகிராம் மாத்திரையை ஒரு வருடம் முழுக்கப் பாவித்தாலும் மொத்தம் 1.14 மில்லிகிராம்தான். வாயால் குடிப்பவர்கள் ஒரே நாளில் எடுப்பதே 1 மில்லிகிராம் அளவு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்த எச்சரிக்கையை அகற்றும் வேலையைத் தொடங்கியது.

அதற்காகப் பக்கவிளைவே இல்லை என்றில்லை. தொடக்கத்தில் எரிவு, அரிப்பு, வெள்ளைபடுதல், தலையிடி, மார்பு நோவு, பூஞ்சைத் தொற்று வரலாம். கிறீமைச் சொன்ன அளவுக்கு மேல் எடுத்தால் இரத்தத்தில் சேர்வதும் கூடும். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், மருந்தால்தான் என்று இருந்துவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, ஈரல் நோய் வந்தவர்கள் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சின்னம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அது சரி. புருசன் இல்லாதவளுக்கு உதென்னத்துக்கெண்டு ஆரும் கேட்டால்?"

அவரை நிறுத்த வைத்தது அந்தத் தாள் மட்டுமல்ல என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊர்களில் தனியாக நின்று குடும்பத்தைச் சுமந்த பெண்களுக்கு இன்று சின்னம்மாவின் வயது. அவர்களில் எத்தனை பேர் இந்த எரிவை இப்படி மறைத்து வைத்திருப்பார்கள்?

"சலம் எரியாமல் போறதுக்குப் புருசன் தேவையில்லை, சின்னம்மா" என்றேன்.

சிரித்துவிட்டார். பிறகு கிளினிக் கொப்பியை எடுத்து வந்தார். அடுத்தமுறை வைத்தியரிடம் கேட்க மூன்று கேள்விகளை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதினோம்: திரும்பத் தொடங்கலாமா? எவ்வளவு வைக்க வேண்டும்? எதைக் கண்டால் உடனே வர வேண்டும்?