சாயம் குடிக்கும் மரம்

கடைசல் பட்டறையில் உருவான மாமரக் கிண்ணம் ஒன்று. விளிம்பு மெலிந்து, அடி கனத்து, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத வடிவம். கடையில் வாங்கிய பழுப்பு நிற ஸ்டெயினைத் தடவியதும் எல்லாம் கெட்டது. எதிரெதிரே இரண்டு பக்கங்கள் கரிபிடித்தாற்போல் கறுத்துவிட்டன. இடையிலுள்ள பக்கங்கள் வெளிறிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட கிண்ணங்கள் பெரும்பாலும் மூலைக்கோ அடுப்புக்கோ போகின்றன. எனக்கு அது தாங்காது. எந்தக் குணம் கிண்ணத்தைக் கெடுத்ததோ, அதே குணத்தைக் கொண்டு அதை மீட்டெடுக்க முடியும்.

மரம் என்பது நெடுக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. வேர் உறிஞ்சிய நீர் இலைக்கு ஏறியது இவற்றின் வழியாகத்தான். கிண்ணத்தைப் பொதுவாக இந்தக் குழாய்கள் படுக்கையாக இருக்கும்படி வைத்துக் கடைகிறார்கள். அதனால் சுற்றுச்சுவரில் இரண்டு இடங்களில் குழாய்களின் திறந்த வாய்களும், மற்ற இரண்டு இடங்களில் அவற்றின் பக்கச் சுவர்களும் வெளியே தெரியும். வாய்கள் நிறத்தை உறிஞ்சும். சுவர்கள் அவ்வளவாக ஏற்காது. மழுங்கிய உளி நாரைப் பிய்த்திருந்தால் கறுப்பு இன்னும் கூடும்.

இதில் ஸ்டெயினுக்கும் பங்கு உண்டு. கடையில் கிடைக்கும் பல ஸ்டெயின்களில் இருப்பது நிறமித்தூள். அது கரையாது, துளையிலும் கீறலிலும் போய் உட்காரும். சாயம் அப்படியல்ல. நீரிலோ ஸ்பிரிட்டிலோ மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்து நாருக்குள்ளேயே இறங்கிவிடும். நிறமி மரத்தின் ரேகையை மறைக்கும், சாயம் அதைத் தெளியவிடும். மரத்துக்கு இன்று பயன்படும் செயற்கைச் சாயங்களின் வம்சம் 1856-இல் லண்டனில் தொடங்கியது. 18 வயது வில்லியம் பெர்கின், கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்கப்போய், அது கிடைக்காமல் ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார்.

இனி கிண்ணத்தை மீண்டும் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். பழைய பூச்சைச் சுரண்டி, 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்தால் மரம் வெளுத்து வரும். பிறகு செய்வதைப் பார்க்கிறவருக்கு மனம் பதறும்: கிண்ணம் முழுவதும் கறுப்புச் சாயம். தண்ணீர்ச் சாயமானால் நார் சிலிர்த்து நிற்கும். நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள். பக்கச் சுவர்களில் சாயம் மேலோட்டமாகவே இறங்கியிருப்பதால் அங்கே கறுப்பு சீக்கிரம் போய்விடும். நார்முனைகளில் ஆழமாக இறங்கியது போகாது.

கிளை பிரியும் கவட்டைப் பகுதி மரமானால் இங்கேதான் அதிசயம். அங்கே நார்கள் நேராக ஓடாமல் நெளிந்து வளர்ந்திருக்கும். பரப்பில் ஓர் இடத்தில் சுவர், அதை ஒட்டியே நார்முனை, மறுபடி சுவர் என்று மாறி மாறி வரும். கறுப்பைத் தேய்த்து எடுக்க எடுக்க, அதுவரை கண்ணுக்குத் தெரியாத அலைகள் வரிவரியாக எழுந்து வரும். அவற்றின் மேல் தேன் நிறமோ செம்மையோ ஒரு சாயம் கொடுத்தால் வெளிர் வரிகள் ஒளிரும், கறுத்த வரிகள் ஆழம் போகும். முன்பு அசிங்கமான திட்டாக வந்ததும் இப்போது அலையாக வருவதும் ஒரே உறிஞ்சல்தான். திட்டு இரண்டே இடத்தில் குவிந்தது. அலை உடம்பெல்லாம் பரவுகிறது.

காய்ந்த சாயம் வெறும் மங்கலாகவே இருக்கும். அரக்குப் பாலிஷ் ஒரு கை பட்டதும் நிறம் சட்டென்று ஆழமாகும். காரணம் ஒளிவிலகல். காற்றின் விலகல் எண் 1. செல்லுலோசுக்குச் சுமார் 1.5. காய்ந்த பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்றும் மரமும் சந்திக்கும் இடமெல்லாம் ஒளி சிதறி வெளிறித் தெரிகிறது. அரக்கின் எண்ணும் ஏறத்தாழ 1.5 என்பதால் அது பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைந்து ஒளி உள்ளே போய்த் திரும்புகிறது. நனைந்த வேட்டியின் கரை கருத்துத் தெரிவதும் இதனால்தான். கிண்ணத்தைத் திருப்பினால் மினுக்கம் வரிக்கு வரி தாவும்; நார்கள் சாய்ந்திருக்கும் கோணத்துக்கேற்ப ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. வைடூரியத்தில் ஓடும் ஒளிக்கோட்டுக்கும் உள்ளே நார்போல் இணையாக ஓடும் நுண்ணிய ஊசிகளோ குழல்களோதான் காரணம்.

பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம் தேவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது. அடியில் ஸ்பிரிட் சாயம் இருந்தால் தூரிகை அதையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே அரக்குக்கு அடியில் தண்ணீர்ச் சாயமே நல்லது. மழைநாளில் அரக்கு பூசினால் வெண்படலம் படரலாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது.

இருந்தாலும் என் ஓட்டு அரக்குக்கே. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை ஏற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிறது. பாலியூரித்தேனும் அப்படிப் பின்னிக்கொள்வதுதான். காய்ந்தபின் அவை கரையாது. பழுதானால் சுரண்டித்தான் ஆக வேண்டும். அரக்கில் கரைப்பான் மட்டும்தான் ஆவியாகிறது. வருடங்கள் கழித்துக் கீறல் விழுந்தாலும் ஸ்பிரிட் கலந்த புது அரக்கைத் தடவினால் பழைய படலம் இளகிப் புதியதோடு ஒன்றாகும். சூடான டம்ளரை மட்டும் அதில் வைக்கக் கூடாது. சாயம் வெளுக்காமல் இருக்க நேர் வெயிலும் ஆகாது.