ஐந்து வீட்டுப் பிள்ளை

பிள்ளைக்கு வைத்தியக் கலாசாலையில் இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தால், நம் வீடுகளில் முதற் காரியமாகப் பாயசம் வைக்கப்படுகிறது. அந்தப் பாயசம் ஆறுவதற்குள் இரண்டாவது காரியம் ஆரம்பமாகிவிடும். அவன் எந்த உறுப்புக்கு நிபுணன் ஆவது என்ற விவாதந்தான் அது. மாமா இருதயம் என்பார். சித்தி கண் என்பாள். தாத்தா தம்முடைய முழங்காலை நினைத்துக்கொண்டு எலும்பு என்பார். இவ்வளவு உறுப்புகளையும் ஒருங்கே சுமந்துகொண்டு, ஒரு வீட்டில் குடியிருந்து, கிணற்று நீரைக் குடித்து, கடனும் வாங்கிக் கவலையும் படுகிற மனிதனைப்பற்றிப் பிள்ளையாண்டான் எங்கே கற்றுக்கொள்வான் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். சர் ஜோஸப் போர் தலைமையில் 1943-இல் அமைந்த சுகாதாரக் குழு, 1946-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நோயைத் தீர்க்க மட்டும் தெரிந்தவன் போதாது, ஜனங்களின் வாழ்க்கையை அறிந்து நோய் வருமுன் காக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும் என்றும், அதற்கென மாணவனுக்கு மூன்று மாதப் பயிற்சி தரவேண்டும் என்றும் அது கூறிற்று. ஆனால் கலாசாலைகள் எழுந்த இடம் நகரம். மாணவன் கற்ற இடம் ஆஸ்பத்திரி வார்டு. சமுதாய வைத்தியம் என்ற பாடம், பரீக்ஷைக்கு முதல்நாள் இரவு மனப்பாடம் செய்யும் புத்தகமாக நெடுங்காலம் இருந்துவிட்டது.

இதற்கு மாறான ஒரு முயற்சியைக் காண வேண்டுமானால் மகாராஷ்டிரத்தில் வார்தா நகருக்கு அருகேயுள்ள சேவாகிராமத்துக்குப் போகவேண்டும். மகாத்மா 1936-இல் குடியேறிய கிராமம் அது. அவருக்கு வைத்தியராக இருந்த டாக்டர் சுசீலா நய்யார் பின்னர் மத்திய சுகாதார மந்திரியாகவும் பதவி வகித்தவர். காந்தி நூற்றாண்டான 1969-இல், அங்கே சிறிய அளவில் தொடங்கி வளர்ந்திருந்த கஸ்தூர்பா ஆஸ்பத்திரியை ஆதாரமாகக் கொண்டு ஒரு வைத்தியக் கலாசாலையை அவர் நிறுவினார்.

அங்கே சேரும் மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படிக்கப் புகுமுன் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆசிரமத்தில் தங்குகிறார்கள். பிரார்த்தனை, நூல் நூற்றல், தெருப் பெருக்கல், தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுதல் எல்லாம் உண்டு. (இந்தக் கடைசிப் பாடத்தை மட்டுமாவது எல்லாக் கலாசாலைகளும் வைத்தால் நம் வீட்டுத் தாய்மார்கள் வாழ்த்துவார்கள்.) பின்னர் ஒவ்வோர் ஆண்டு வகுப்புக்கும் ஒரு கிராமம் ஒதுக்கப்படுகிறது. மாணவர்கள் அக்கிராமத்திலேயே சுமார் பதினைந்து நாள் முகாம் போடுகிறார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில குடும்பங்கள். வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்புப் புகை எவ்வழியே போகிறது, கழிப்பிடம் உண்டா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, தாயின் இரத்தம் வெளுத்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் பார்த்து எழுதவேண்டும். முகாம் கலைந்தபின் விஷயம் முடிவதில்லை. மாதம் ஒரு முறை அதே வீடுகளுக்குப் போய்வர வேண்டும். சில ஆண்டுகள் இது தொடர்கிறது.

அந்தச் சில ஆண்டுகளில்தான் எல்லாம் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்ட கிழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அழுத்தம் குறையாமல் அவர் திரும்பி வந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டில், 'மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை' என்று ஒரு வரி ஏறும். குற்றவாளி கிழவர், வழக்கு முடிந்தது. வீட்டுக்குப் போகும் மாணவனுக்கோ வழக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது. பருத்தி எடுக்கும் பருவம். கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காக ஒருநாள் நிற்க முடியாது. தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை. ஒன்றும் செய்யாத நோய்க்கு மருந்து ஏன் என்பது அவர் கட்சி. மாத்திரைகளில் எது காலைக்கு, எது இரவுக்கு என்று படித்துச் சொல்லும் பேரனோ வெளியூரில் இருக்கிறான். க்ஷயரோகிக்கு ஆறு மாதம் மருந்து என்பதைப் புத்தகத்தில் படிப்பது சுலபம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, வேலைக்குப் போகத் தொடங்கிய மனிதனை மேலும் நான்கு மாதம் மருந்து உண்ணச் செய்வது எப்படி என்று அந்த வீட்டுத் திண்ணைதான் கற்றுத் தரவேண்டும்.

சேவாகிராமத்துக்கு இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். மராட்டி தெரியாத பிள்ளைக்கு அக்கிராமத்துப் பாட்டிமாரே உபாத்தியாயினிகள். நோயைக் கேட்டறியப் போனவன் முதலில் மொழியைக் கேட்டறிகிறான். இன்னொன்றும் சொல்லவேண்டும். கிராமத்தாருக்கும் அங்கே பங்கு உண்டு. வைத்தியச் செலவுக்கு முன்னேற்பாடாக அறுவடைக் காலத்தில் வீட்டின் சக்திக்கேற்பச் சோளம் அளந்து கொடுக்கும் திட்டம் ஒன்றைச் சேவாகிராம டாக்டர்கள் நடத்தியிருக்கிறார்கள். சோளம் கொடுத்தவன் ஆஸ்பத்திரி வாசலில் கைகட்டி நிற்கவேண்டியதில்லை அல்லவா?

இந்தக் கருத்து இப்போது தேசம் முழுவதற்கும் விதியாகியிருக்கிறது. 2021-22 கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தத்து எடுத்துக் கவனிக்கவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் வகுத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை, நாலு பேரன் கண்ட பாட்டியைத் தத்து எடுக்கிறான் என்பதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. யார் யாரைத் தத்து எடுப்பது?

சிரிப்பு ஒருபுறம் இருக்க, கணக்கையும் பார்ப்போம். நூற்றைம்பது மாணவர், ஆளுக்கு ஐந்து வீடு என்றால் 750 வீடுகள். அடுத்த ஆண்டு புதிய நூற்றைம்பது பேர். இன்னும் 750 வீடுகள். கலாசாலைப் பஸ் வந்து நிற்கும். வெள்ளைக் கோட்டுகள் இறங்கும். எடை, உயரம், அழுத்தம் எல்லாம் எழுதப்படும். கையெழுத்து வாங்கிப் பஸ் புறப்பட்டுவிடும். 'போன தடவையும் இப்படித்தான் எழுதிக்கொண்டு போனீர்கள். எனக்கு என்ன என்று சொல்லவேயில்லையே?' என்று ஒரு தாய் கேட்டால் மாணவன் என்ன விடை சொல்வான்? அவள் இரத்தம் வெளுத்திருப்பதைக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, இரும்புச் சத்து மாத்திரை அவள் கைக்கு வந்ததா என்று பாராமல் போவது கல்வியன்று. அவளுடைய ஏழ்மையை நோட்டுப் புத்தகமாக்கிக்கொள்வது. மாணவன் பின்னே அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் நடக்கவேண்டும். மாணவன் அனுப்பும் நோயாளிக்குக் கலாசாலை ஆஸ்பத்திரியின் கதவு திறக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில், ஐந்து வீட்டுக்குப் பதில் ஒரு வீடு போதும் என்றே நாம் சொல்வோம்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப்பில் சேருகிறார்கள். அவர்களில் சிலர் நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருப்பார்கள். விடுமுறைக்கு வந்தவனிடம் மார்க்கு விசாரித்து முடிந்ததும், அவனுடைய ஐந்து வீடுகளைப்பற்றியும் விசாரியுங்கள். அந்தப் பாட்டி மாத்திரை சாப்பிடுகிறாளா, மருமகளுக்குப் பிரசவம் ஆயிற்றா, கிணற்றுக்குக் குளோரின் போட்டார்களா என்று கேளுங்கள். குறிப்பேட்டை எடுக்க அவன் உள்ளே ஓடினால், பேச்சை வேறு விஷயத்துக்குத் திருப்பிவிடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவன் சொல்லத் தொடங்கினால் அடுப்பில் பாயசத்தை ஏற்றலாம், கதை நீளும்.