மழை ஊரில் ஒரு பெரிய அலுமாரி

போத்தல்களும் கிளாஸ்களும் அடுக்க ஆளுயர அலுமாரி ஒன்றை, மின்சாரக் கருவி எதுவும் தொடாமல் செய்வது எப்படி? ஐரோப்பியத் தச்சர்களிடம் கேட்டால் முதலில் ஓக் மரத்தைத்தான் சொல்வார்கள். கெட்டியான மரம். நடுவிலிருந்து ஆரை போலப் பிளந்து அறுத்தால் பலகையில் வெள்ளிக்கீற்று மின்னும். வெள்ளை ஓக்கின் நுண்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் மதுப் பீப்பாயும் அதில்தான் செய்கிறார்கள். நம் நாட்டில் அந்தப் பீப்பாய் வேலையைச் செய்தது ஹல்மில்ல மரம். தென்னஞ் சாராயத்தை ஊறவைக்கும் பெரிய மரத்தொட்டிகள் அதில் செய்தவைதான். ஆங்கிலேயர் அதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள்.

இரத்தினபுரியிலோ கேகாலையிலோ ஓக் வளராது. அதற்காக ஏங்கவும் வேண்டாம். லயத்துக்குப் பின்னாலும் பங்களாத் தோட்டத்திலும் நிற்கிற பலா, அலுமாரிக்கு ஓக்குக்குச் சற்றும் இளைத்ததல்ல. ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கே பலாவிலும் முதிரையிலும் கருங்காலியிலும் பெரிய அலுமாரிகள் செய்தார்கள். கொழும்பு புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துத் தளபாடங்களைப் பார்க்கலாம். அலுமாரி என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. மரமும் உழைப்பும் இந்த மண்ணுடையவை.

ஆனால் நினைத்தவுடன் பலாவை வெட்டிவிட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கிறது. மூன்றும் மக்களுக்குச் சோறு போடும் மரங்கள். ஊரெல்லாம் பலா நடச்சொல்லி இயக்கம் நடத்திய ஆதர் வி. டயஸை மக்கள் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்றே அழைத்தார்கள். ஆகவே காய்ப்பு ஓய்ந்த மரம், காற்றில் சாய்ந்த மரம், மரக்காலையில் முறையான பத்திரத்தோடு கிடைக்கும் பலகை, இவற்றையே தேடுங்கள். கேகாலைப் பக்கம் மலிவாகக் கிடைப்பது, பால் வெட்டி முடிந்த இறப்பர் மரம். மருந்தேற்றாவிட்டால் அதில் பூச்சி விழும். பரம்பரைக்கு நிற்கவேண்டிய அலுமாரி என்றால் பலாதான் என் தேர்வு.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது வைரத்தையும் வெளிறையும் பிரித்துப் பாருங்கள். நடுவே மஞ்சளாக இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்திருப்பது வெளிறு. வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது, வெளிறை விடாது. பிக்குகளின் சீவரத்துக்குச் சாயம் எடுத்ததும் இந்த மஞ்சள் வைரத்திலிருந்துதான். புதிதாகச் சீவிய பலகை மஞ்சளாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். வெளிச்சம் பட்டுச் சில ஆண்டுகளில் தானாகவே செம்பழுப்பாகிவிடும்.

இனி, இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருவோம். மரம் வெட்டிய பின்னும் அசையும். காற்றில் ஈரம் கூடினால் அகலும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் எல்லாம். சாதாரணமாக அறுத்த 15 அங்குல அகல ஓக் பலகையில் ஈரம் 4 வீதம் கூடினால், அது 5 மில்லிமீற்றருக்கு மேல் அகலும். ஆரைவாக்கில் அறுத்த பலகை அதில் பாதியளவுதான் அசையும். இலண்டனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் மழை. இரத்தினபுரியில் 3,500 மில்லிமீற்றருக்கும் மேல். மேயில் தென்மேல் பருவமழை தொடங்கியதும் அலுமாரிக் கதவு இறுகிக்கொள்வதும், தை மாசியில் அதுவே தளர்ந்து ஆடுவதும் நம் வீடுகளில் எல்லாரும் கண்டதுதான். தச்சரைக் குறை சொல்கிறோம். பல வேளைகளில் குறை, மரம் அசைய இடம் விடாத அமைப்பில் இருக்கிறது.

அதற்கு விடை சட்டமும் பலகையும். கதவையும் பக்கச் சுவரையும் ஒரே அகலப் பலகையால் செய்யக்கூடாது. நாலு சட்டங்களை இணைத்து, அவற்றின் உட்புறம் தவாளிப்பு வெட்டி, நடுப்பலகையை அதற்குள் சும்மா நிறுத்த வேண்டும். நடுப்பலகைக்குப் பசை தடவவே கூடாது. அது தவாளிப்புக்குள் விருப்பம்போல் அகன்று சுருங்கும். வெளிச்சட்டம் அசையாது நிற்கும். இதில் பருவம் பார்த்துச் செய்யும் நுட்பமும் உண்டு. யூனில் செய்கிறவர் பலகையை நெருக்கமாகவே வைக்கலாம், அது ஏற்கெனவே ஊதித்தான் இருக்கும். மாசியில் செய்கிறவர் இருபக்கமும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால் அடுத்த மழையில் பலகை சட்டத்தையே பிளந்துவிடும்.

சட்டங்களை இணைப்பது துளையும் கழுந்தும். ஓர் அங்குலத் தடிப்புள்ள சட்டத்தில் கழுந்து அதன் மூன்றிலொரு பங்கு இருந்தால் போதும். துளையிடுவதை ஒருமுறை கிட்டநின்று பார்க்க வேண்டும். ஆசாரி உளியைத் துளையின் நடுவில் நிமிர்த்திப் பிடித்துக் கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்கிறார். பிறகு ஒரு நூல் தள்ளி மறுபடி அடி. ஒவ்வோர் அடிக்கும் மரம் சிறு படிக்கட்டு போலப் பெயர்ந்து வருகிறது. உளி மழுங்கினால் சத்தம் மாறும். கேட்ட மாத்திரத்தில் அவர் கை சாணைக்கல்லைத் தேடிப் போகும்.

முன்பெல்லாம் இணைப்புக்கு வச்சிரம் காய்ச்சித் தடவினார்கள். புழுக்கத்தில் வச்சிரம் இளகும். ஆகையால் மர ஆணி அவசியம். துளைச்சட்டத்தில் குறுக்கே ஓட்டை போட்டு, கழுந்தைச் செருகி அடையாளம் வைத்து, வெளியே எடுத்து, கழுந்திலுள்ள ஓட்டையை அதன் தோள்பக்கமாக ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளிப் போடவேண்டும். நுனி கூராக்கிய மர ஆணியை அடித்தால், அது வளைந்து நெளிந்து போகும் வழியில் கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். பசை விட்டுப் போனாலும் மூட்டு விடாது. இரும்பு ஆணியைத் தவிருங்கள். ஓக்கில் இரும்பு பட்டால் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கருங்கறை படியும். பலாவிலும் இந்த ஈரத்தில் அது துருப்பிடிக்கும். பித்தளைத் திருகாணியே நல்லது.

பலாவைச் சீவுளியால் சீவும்போது பொறுமை வேண்டும். அதன் நார் ஒரு படையில் இப்படியும் அடுத்ததில் அப்படியும் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் வழுவழுப்பாக வரும், அடுத்த சாண் பிய்ந்துவிடும். சீவுளியின் வாயைக் குறுக்கி, கத்தியைக் கூராக்கி, சற்றுச் சரித்துப் பிடித்து மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். லாச்சிகளுக்குப் புறாவால் மூட்டு. முன்பலகையை எத்தனை தரம் இழுத்தாலும் அது கழன்று வராது.

தட்டுகளின் பாரத்தை மறக்கவேண்டாம். நிறைந்த போத்தல் ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. நாற்பது போத்தல் என்றால் 50 கிலோ. தட்டின் தடிப்பு பாதியானால் வளைவு எட்டு மடங்காகும். ஓர் அங்குலத் தடிப்பில், மூன்று அடிக்கு மேல் தாங்கலின்றி விடாதீர்கள்.

கடைசியாக, மெருகு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பழைய பொலிஷுக்கு ஈடான பளபளப்பு வேறில்லை. ஆனால் ஸ்பிரிட்டில் கரைந்தது சாராயத்திலும் கரையும். கிளாஸிலிருந்து சிந்தும் ஒரு துளி வெள்ளை வட்டமாக நின்றுவிடும். அதனால் வெளிப்புறத்துக்கு அரக்குப் பொலிஷ், கிளாஸ் வைக்கும் தட்டுக்கும் உட்புறத்துக்கும் எண்ணெய் அல்லது வார்னிஷ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஓர் அலுமாரி செய்விக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகை வந்த அன்றே வேலையைத் தொடங்கும்படி ஆசாரியை நெருக்காதீர்கள். இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நனையாமல், காற்றோட்டமாக, அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்ற பழைய கணக்கில் பலகையைக் காயவிடுங்கள். கூலியையும் நாள் கணக்கில் பேசுங்கள்.