வேடிக்கை பார்க்க வருகிறார்கள்... வயலை விட்டுவிடாதீர்கள்!

கொடைக்கானலில் இருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் இருக்கிறது பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவே நெருக்கமாக வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். சாலையின் மேல் வளைவில் தெரியும் இந்தக் காட்சிக்காகவே வரிசையாக கார்கள் நிற்கின்றன. இன்னும் உள்ளே போனால் மன்னவனூர். அங்குள்ள புல்வெளியும் ஏரியும், மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி மையமும் ஆட்களை இழுக்கின்றன.

வந்தவர்கள் படம் எடுக்கும் அந்தக் காட்சியை உருவாக்கியவர் விவசாயி. மலைச்சரிவைப் படியாக வெட்டி, மண் சரியாமல் காத்து, பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளைவித்ததால்தான் அது பச்சைப் படிக்கட்டாகத் தெரிகிறது. ஆனால், அந்தக் காட்சியால் வரும் பணத்தில் விவசாயியின் பங்கு எவ்வளவு? ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை, மேகமலை என்று எந்த ஊரில் இருந்தாலும், இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

வரவும் செலவும்

சுற்றுலாவால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. டீக்கடை, ஜீப், தங்கும் அறை, சமையல் வேலை என்று அன்றாடம் கையில் காசு புழங்குகிறது. விளைச்சல் இல்லாத மாதத்திலும் வீட்டுச் செலவுக்கு வழி கிடைக்கிறது. வெளியூர் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வரவும் இது காரணமாகிறது.

செலவுப் பக்கத்தையும் எழுதுங்கள். சீசனில் நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைப்பதில்லை. விடுமுறை நாளில் காய்கறி ஏற்றிய வண்டி குறுகிய சாலையில் மணிக்கணக்கில் நிற்கிறது. மார்க்கெட்டுக்குப் பிந்திப் போனால் விலை இறங்கிவிடுகிறது. உடைந்த பாட்டில் வயலில் இறங்குபவர் காலைக் கிழிக்கிறது. உணவோடு வீசிய பிளாஸ்டிக் பையை மாடு தின்றுவிடுகிறது. படம் எடுக்க வரப்பில் ஏறினால், கட்டிய படி சரிகிறது.

தண்ணீர்க் கணக்கு

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு தண்ணீர். தங்கும் விடுதியில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. 10 அறை கொண்ட விடுதியில் 20 பேர் தங்கினால் தினமும் 3,600 லிட்டர். ஓர் ஊரில் இப்படி 5 விடுதிகள் இருந்தால் 18,000 லிட்டர். ஏப்ரல், மே ஆகிய 61 நாட்களும் அறைகள் நிரம்பினால் ஏறக்குறைய 11 லட்சம் லிட்டர்.

ஒரு ஏக்கருக்கு 3 செ.மீ. உயரம் தண்ணீர் பாய்ச்ச சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் வேண்டும். அப்படியானால் விடுதிகளுக்குப் போவது 9 ஏக்கரை ஒருமுறை நனைக்கும் தண்ணீர். ஊற்று இளைத்து, ஓடை மெலிந்திருக்கும் கோடையில்தான் சுற்றுலா சீசனும் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

விவசாய மின் இணைப்பில் இறைத்த தண்ணீரை லாரிக்கு விற்பதும் வேண்டாம். அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. வணிகத்துக்குப் பயன்படுத்தினால் இணைப்புக்கே ஆபத்து வரும்.

நிலத்தைக் கொடுக்கும் முன்

காட்சி நன்றாக இருக்கும் வயலைத் தேடித்தான் முதலில் ஆள் வருவார்கள். மொத்தமாகப் பெரிய தொகை பேசும்போது மனம் தடுமாறுவது இயல்பு. ஆனால், அந்தத் தொகை பிள்ளை படிப்பு, கல்யாணம், கடன் என்று சில ஆண்டுகளில் கரையும். விற்ற நிலத்துக்கே காவலுக்கும் துப்புரவுக்கும் கூலியாகப் போகும் நிலை வரக்கூடாது.

பணத்தேவை நெருக்கினால் விற்பதற்குப் பதில் குத்தகையை யோசியுங்கள். அதிலும் கவனம் தேவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். எத்தனை ஆண்டு, வாடகை எப்போது உயரும், கிணறும் ஊற்றும் யாருக்கு, முடிவில் கட்டடம் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மலைப்பகுதியில் கட்டடம் கட்டக் கூடுதல் அனுமதிகள் உண்டு. அனுமதி இல்லாமல் கட்டி, பிறகு சீல் வைத்தால் நிலத்துக்காரருக்கும் அலைச்சல்தான். படிவயலை ஜேசிபி வைத்துச் சமப்படுத்திவிட்டால் அந்த மேல்மண் திரும்பாது. கீழ்வயல்காரருக்கும் மண்சரிவு பயம்.

வயலோரமே சந்தை

விவசாயிக்கு நேராகப் பணம் சேரும் வழி, விளைந்ததை வந்தவரிடமே விற்பது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில் விளையும் இந்தப் பூண்டு காரத்துக்கும் மருத்துவக் குணத்துக்கும் பெயர் பெற்றது. வழக்கமாக மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு அனுப்புகிறோம். ஒரு பங்கையாவது தரம் பிரித்து, கால் கிலோ, அரை கிலோ கட்டுகளாக்கி, பார்வையிடும் இடத்திலேயே விற்கலாம்.

குறியீட்டின் பெயரைப் போட்டு விற்க விரும்புவோர் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீடு பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' ஆகப் பதிவு செய்துகொள்ளலாம். குழுவாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் வேலை எளிது. வெளியூர்ப் பூண்டை மட்டும் கலக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர் நூறு பேரிடம் சொல்வார். விதைப்பூண்டை முதலில் எடுத்துவைத்த பிறகே விற்பனைக்கு ஒதுக்குங்கள்.

வீட்டில் அறை இருந்தால் அதையும் வாடகைக்கு விடலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை, 12 படுக்கைகளுக்குள் பதிவு செய்யலாம். உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. சமைத்துப் போடுவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் தேவை. களை எடுப்பது, பூண்டு கட்டுவது போன்றவற்றைக் காட்டித் தனிக் கட்டணம் வாங்குவதிலும் தவறில்லை.

ஊர் கூடி முடிவு செய்யுங்கள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. மலைக்கு ஒரு தாங்கும் அளவு உண்டு என்பதே இதன் பொருள். உங்கள் ஊர் ஊற்றுக்கும் சாலைக்கும் உள்ள தாங்கும் அளவை ஊர்தான் பேச வேண்டும்.

அதற்கு இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கூட்டம் சீசனுக்குச் சற்று முன்பே வருவதால், தண்ணீர்ப் பங்கீட்டைப் பேச ஏற்ற நாள். எத்தனை விடுதிகள், எந்த ஊற்றில் தண்ணீர், கழிவுநீர் எங்கே போகிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். வண்டி நிறுத்த ஓர் இடம், அதற்குக் கட்டணம், அந்தக் கட்டணத்தில் குப்பை அள்ளும் ஆட்களுக்குச் சம்பளம் என்று தீர்மானம் போடலாம். விவசாயிகள் கடையையும் அந்த இடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

களப் பணியாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மேல்மலை ஊர்களுக்குப் போகும் வேளாண், தோட்டக்கலை அலுவலர்கள் கோடையில் ஊற்றுகளின் நீர்வரத்தை அளந்து எழுதிக் கொடுத்தால், கிராம சபையில் பேசும் விவசாயியின் கையில் ஆதாரம் இருக்கும்.

வயல் தரிசானால் படி சரியும். படி சரிந்தால் காட்சி போகும். காட்சி போனால் சுற்றுலாவும் வேறு ஊர் பார்த்துப் போய்விடும். அதனால், பயிர் நிற்கும் வரைதான் இரண்டு வருமானமும். அடுத்த சீசனுக்குள் தண்ணீர்க் கணக்கைப் போட்டு வையுங்கள். நிலம் கேட்டு யாராவது வந்தால், வீட்டாருடனும் பக்கத்து வயல்காரருடனும் பேசாமல் முன்பணம் வாங்காதீர்கள்.