நீதிமன்றச் சீர்திருத்தக் கண்காணிப்பும் காசோலை வழக்குகளும்

நீதிமன்றச் சீர்திருத்தக் கண்காணிப்பு என்பது, வழக்குகளை விரைந்து முடிக்கச் செய்யப்படும் மாற்றங்கள் பயன் தந்தனவா என்று தரவுகளைக் கொண்டு அறிவதாகும். இந்தியாவில் இதற்கு முதன்மைக் கருவி தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு. மின்-நீதிமன்றத் திட்டம் 2007-இல் தொடங்கியது. அதன் பகுதியான இத்தொகுப்பு 2015-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 2023-இல் உச்ச நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்தன. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என மாவட்டவாரியாக நிலுவை வழக்குகளையும் அவற்றின் வயதையும் எவரும் கட்டணமின்றிக் காணலாம்.

நூல், பனியன், மோட்டார் பம்ப் எனக் கடனுக்குச் சரக்கு கைமாறும் கொங்குப் பகுதியில், பணமில்லாமல் திரும்பும் காசோலை சிறு தொழில் நடத்துவோரின் முதலையே முடக்கிவிடும். இக்குற்றத்துக்கான 138-ஆம் பிரிவு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988-இல் சேர்க்கப்பட்டது. புகார் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. ஆக, அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தரவுத் தொகுப்பின் வயதுப் பட்டியலில் முதல் பிரிவே ‘ஓராண்டு வரை’ என்பதாகும். ஒரு மாத வழக்கும் பதினொரு மாத வழக்கும் அங்கே ஒன்றுதான். போதாக்குறைக்கு, காசோலை வழக்குகள் மற்றக் குற்றவியல் வழக்குகளோடு கலந்துவிடுகின்றன.

பெரும்பாலும் பேசப்படுவது தீர்வு விகிதம். ஓராண்டில் 100 வழக்குகள் பதிவாகி 110 முடிந்தால் அது 110 விழுக்காடு. எளிய வழக்குகளை மட்டும் முடித்தும் இந்த எண்ணை உயர்த்திவிடலாம்.

சராசரிக் காலமும் ஏமாற்றக்கூடியதே. ஒரு நீதிமன்றம் ஓராண்டு வயதுள்ள பத்து வழக்குகளை முடிக்கிறது என்க. சராசரி 1 ஆண்டு. மற்றொன்று அத்தகைய ஒன்பதோடு இருபது ஆண்டுப் பழைய வழக்கு ஒன்றையும் முடிக்கிறது, சராசரி 2.9 ஆண்டாகிவிடும். பழைய கட்டைத் தூசு தட்டி எடுத்த நீதிமன்றமே மந்தமானதாகத் தெரியும். எனவே முடிந்த வழக்குகளின் சராசரியோடு, எஞ்சியுள்ள வழக்குகளின் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மக்கள் நீதிமன்றத் தீர்வுகளைப் படிப்பதிலும் கவனம் தேவை. அங்கே முடிவதாக அறிவிக்கப்படும் எண்ணிக்கையில், வழக்காகப் பதிவாகும் முன்பே சமரசமான தகராறுகளும் அடங்கும். அவற்றால் நிலுவை குறையாது.

வழக்குத் தொடுத்தவருக்கு உறுத்துவது வாய்தா. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க எண்ணை மின்-நீதிமன்றத் தளத்தில் இட்டால், வழக்கு எடுக்கப்பட்ட தேதிகளும் எதற்காகத் தள்ளிவைக்கப்பட்டது என்பதும் தெரியும். அவற்றில் எத்தனை நாள் சாட்சி விசாரிக்கப்பட்டது, எத்தனை நாள் தேதி மட்டும் மாறியது என்று எண்ணிப் பார்த்தால், தீர்வு விகிதம் சொல்லாத கணக்கு கிடைக்கும்.