பாட்டுப் புத்தகத்தைத் தேடிய போலீஸ்!

அமெரிக்காவில் எப்.பி.ஐ. என்று ஒரு துப்பறியும் படை உண்டு. கொள்ளைக்காரன், ஆள் கடத்துகிறவன், அந்நிய நாட்டு உளவாளி ஆகியோரைப் பிடிப்பது அதன் வேலை. 1950-களின் தொடக்கத்தில் அந்தப் படைக்கு ஒரு புது வேலை வந்தது. ஒரு புத்தகத்தைத் தேட வேண்டும்!

அது அரசாங்கத்துக்கு விரோதமான புத்தகம் அல்ல. ஆபாசப் புத்தகமும் அல்ல. வெறும் பாட்டுப் புத்தகம்! ஓட்டல்களிலும் விருந்துகளிலும் பியானோ வாசித்துப் பிழைக்கிறவர்கள் அதை இரகசியமாக வாங்கிப் போனார்கள். அதில் ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்டவர் பெயரும் இல்லை.

பாட்டுப் புத்தகத்தில் என்ன குற்றம்? அதைச் சொல்ல வேண்டுமானால், பாட்டைத் தாளில் அச்சடித்து விற்ற காலத்துக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு வீடு பியானோ

ரேடியோ வருவதற்கு முன்பு ஒரு புதுப் பாட்டை வீட்டில் கேட்பது எப்படி? பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே வாசித்தால்தான் உண்டு. அமெரிக்காவில் வசதியுள்ள குடும்பங்கள் பியானோ வாங்கி வைத்தன. பெண்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தன. 1909-ம் ஆண்டில் மட்டும் அங்கே 3 லட்சத்து 60 ஆயிரம் பியானோக்களுக்கு மேல் செய்தார்கள்.

ஆகவே பாட்டில் வருகிற பணம் பெரும்பாலும் தாளில்தான் வந்தது. பாட்டின் சுரத்தையும் சொல்லையும் அச்சிட்ட தாள், கடையில் அரிசி பருப்பு மாதிரி விற்றது. 1892-ல் மில்வாக்கி நகரில் சார்லஸ் ஹாரிஸ் என்பவர் 'ஆப்டர் தி பால்' என்ற பாட்டைத் தாமே வெளியிட்டார். அது 50 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாரிசுக்கு இசைக்குறிப்பு எழுதவே தெரியாது! அவர் பாட, வேறொருவர் எழுதிக் கொடுத்தார்.

நியூயார்க்கில் 28-ம் தெருவில் இந்த வியாபாரிகள் வரிசையாகக் கடை போட்டார்கள். ஒவ்வொரு மாடியிலும் பியானோ சத்தம். தகர டப்பாக்களைத் தட்டுவது போல் இருந்ததால் 'தகர டப்பாச் சந்து' என்று அந்தத் தெருவுக்குப் பட்டப் பெயர் வந்ததாம். பிறகு அந்த வியாபாரம் முழுவதற்குமே அந்தப் பெயர் நிலைத்து விட்டது.

இந்தக் கம்பெனிகள், வருகிறவர்களுக்குப் பாட்டை வாசித்துக் காட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்தன. 1914-ல் ரெமிக் என்ற கம்பெனியில் 15 வயதுப் பையன் ஒருவன் படிப்பை விட்டு விட்டு இந்த வேலைக்குச் சேர்ந்தான். வாரச் சம்பளம் 15 டாலர். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் கெர்ஷ்வின்!

பையில் 38 சென்ட்

பாட்டை எழுதியவருக்கு என்ன கிடைத்தது? ஸ்டீபன் பாஸ்டர் என்பவரின் கதையைக் கேட்டால் மனம் கசியும். 1848-ல் அவர் எழுதிய 'ஓ! சூசன்னா' பாட்டு நாடு முழுவதும் பரவியது. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் அதைப் பாடிக்கொண்டே போனார்கள். பல அச்சகங்கள் அவரைக் கேட்காமலே அச்சிட்டு விற்றன. அவருக்குக் கிடைத்தது 100 டாலர்தான். பிற்காலப் பாட்டுகள் சிலவற்றில் விற்பனைப் பங்கு வந்தது. கடன் தொல்லையால் அந்த உரிமையையும் விற்று விட்டார். 1864 ஜனவரியில் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தபோது அவருக்கு வயது 37. அவருடைய பையில் இருந்தது 38 சென்ட்!

இப்படிப்பட்ட அநியாயங்களைத் தடுக்கத்தான் சட்டம் வந்தது. 1909-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, லாபத்துக்காக வேண்டுமென்றே பிறர் பாட்டை அச்சிட்டு விற்றால் ஓராண்டு வரை சிறை. அல்லது 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

வாசிக்கிறவர் பாடு

சட்டம் நல்லதுதான். ஆனால் ஓட்டலில் வாசிக்கிறவரின் கஷ்டம் வேறு மாதிரியானது.

ஒரே இரவில் அவரிடம் இருபது பேர் இருபது பாட்டுக் கேட்பார்கள். "தெரியாது" என்று நாலு முறை சொன்னால் மறுநாள் வேறு ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள். கடையில் விற்ற தாளிலோ ஒரு பாட்டுக்கே நாலைந்து பக்கம். பாடுகிறவருக்கு ஒரு வரி, வலது கைக்கு ஒரு வரி, இடது கைக்கு ஒரு வரி என்று மூன்று வரியாக அச்சிட்டிருக்கும். ஆயிரம் பாட்டு என்றால் தூக்கிப் போக ஒரு வண்டி வேண்டும்! விலை கொடுத்து மாளாது.

உண்மையில் பழகிய கைக்கு இவ்வளவும் தேவையில்லை. மெட்டு ஒரு வரி. அதன் மேல் இடது கைக்கு ஒரு சில எழுத்துகள். போதும்!

அது என்ன எழுத்து? இரண்டு, மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிப்பதைக் 'கார்டு' என்று சொல்வார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. 1920-களில் அமெரிக்காவில் யுகுலேலி என்ற நாலு தந்தி வாத்தியத்துக்கு மோகம் வந்தது. அதை வாசிப்பதில் பேர் பெற்ற மே சிங்கி பிரீன் என்ற பெண்மணி, பாட்டுத் தாளில் யுகுலேலிக் கார்டுகளையும் அச்சிட வேண்டும் என்று வெளியீட்டாளர்களை வற்புறுத்தி இணங்க வைத்தார். ஏராளமான தாள்களில் அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது.

மூன்று எழுத்து வித்தை

வீட்டில் கீபோர்டு இருந்தால் இப்போதே பார்க்கலாம். கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்திருக்கும். இரண்டு சேர்ந்த இடத்தில், இடது கருப்புக் கட்டைக்கு ஒட்டி இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டைதான் 'சி'. நம் பாட்டுக்காரர்கள் 'ஒரு கட்டை' என்பது இதைத்தான். அதை அழுத்துங்கள். அடுத்த வெள்ளையை விடுங்கள். அதற்கடுத்ததை அழுத்துங்கள். மறுபடி ஒன்றை விட்டு அடுத்ததை அழுத்துங்கள். மூன்றும் சேர்ந்தால் 'சி' கார்டு. சங்கராபரணம் தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: ச, க, ப!

கையின் அமைப்பை மாற்றாமல் நாலாவது வெள்ளைக்கு நகர்த்தினால் 'எப்' கார்டு. ஐந்தாவது வெள்ளைக்கு நகர்த்தினால் 'ஜி' கார்டு. இந்த மூன்றை வைத்துக்கொண்டே எத்தனையோ எளிய பாட்டுகளுக்கு இடது கை வாசித்து விடலாம். எழுத்தின் பக்கத்தில் சிறிய 'எம்' இருந்தால், நடுச் சுரத்தை ஒட்டினாற்போல் இடப்பக்கம் உள்ள கட்டைக்கு இறக்க வேண்டும். 'சி'-யில் அது கருப்புக் கட்டையாக அமையும். கலகலப்பான ஒலி உடனே சோகமாகி விடும். செய்து பார்த்தால் தெரியும்.

அட்டையில் வந்த வினை

1942-ல் ஜார்ஜ் குட்வின் என்பவர் நியூயார்க்கில் 'டியூன்-டெக்ஸ்' என்ற அட்டைகளை வெளியிட்டார். ஓர் அட்டை 5 அங்குல நீளம், 3 அங்குல அகலம். ஒரு பக்கத்தில் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற விவரம். ரேடியோ நிலையங்கள் பார்த்துக்கொள்வதற்காக இது. மறுபக்கத்தில் பாட்டு எது என்று அடையாளம் தெரிவதற்காகப் பல்லவியின் மெட்டு, சொல், கார்டு எழுத்துகள். 1963 வரை மாதந்தோறும் வந்து, சுமார் 25 ஆயிரம் பாட்டுகள் சேர்ந்தன.

பியானோக்காரர்கள் கண்ணில் இது பட்டதும் துள்ளிக் குதித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது அப்படியே அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறதே!

வேறு சிலருக்கு வேறு யோசனை தோன்றியது. அட்டைகளைப் போட்டோ பிடித்தார்கள். ஒரு பக்கத்துக்குப் பல அட்டையாக அடுக்கி, ஆயிரம் பாட்டைப் புத்தகமாகக் கட்டினார்கள். இரகசியமாக விற்றார்கள். இதற்கு 'ஃபேக் புக்' என்று பெயர். தாள் இல்லாமல் சமாளித்து வாசிப்பதை அங்கே வாத்தியக்காரர்கள் 'ஃபேக்' செய்வது என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர். பாட்டு எழுதியவருக்கு இதில் ஒரு சல்லிக்காசு போகவில்லை. புகார் போனது. எப்.பி.ஐ. புறப்பட்டது.

விற்றவர்கள் செய்தது திருட்டுத்தான். பாஸ்டரின் 38 சென்ட்டை நினைத்தால் அவர்கள் மேல் இரக்கம் வராது. ஆனால் வெளியீட்டாளர்களையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வாசிக்கிறவன் கையில் காசை வைத்துக்கொண்டு ஒரு வரி மெட்டும் எழுத்தும் கேட்டான். நாலு பக்கத் தாளைத்தான் தருவேன் என்று ஏன் பிடிவாதம் பிடித்தார்கள்? பல ஆண்டுகள் கழித்து அவர்களே ஃபேக் புத்தகங்களை முறைப்படி அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். நன்றாகவே விற்றது!

இன்று வாங்குகிறவர்களுக்கு

இப்போது ஒரே பாட்டு மூன்று விதமாகக் கிடைக்கிறது. பியானோவுக்கு முழுமையாக எழுதியது ஒன்று. மெட்டும் கார்டு எழுத்தும் மட்டும் உள்ளது ஒன்று. சுரத்தின் பெயரையே புள்ளிக்குள் பெரிதாக அச்சிட்டது ஒன்று. 'ஈ-இசட் பிளே' என்ற வரிசை இந்த மாதிரி. புதிதாகக் கற்கும் குழந்தைக்கு மூன்றாவது ஏற்றது. முதலாவதை வாங்கிக் கொடுத்தால் பயந்து கீபோர்டை மூடி விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிக்கார்டில் பாடகர் பாடிய சுருதியும் தாளில் உள்ள சுருதியும் பல சமயம் ஒன்றாக இராது. வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று மாற்றி அச்சிட்டிருப்பார்கள். ரிக்கார்டோடு சேர்த்து வாசித்துப் பார்த்து, ஒட்டவில்லையே என்று அழ வேண்டாம். கீபோர்டுகளில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் போதும்.

அந்தப் பொத்தானுக்கு ஒரு பெரிய மனிதர் முன்னோடி! 1888-ல் பிறந்து 1989 வரை வாழ்ந்த எர்விங் பெர்லின், அமெரிக்காவின் மிகப் புகழ் பெற்ற பாட்டாசிரியர்களில் ஒருவர். அவருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. பெரும்பாலும் கருப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார். நம் கணக்கில் நாலரைக் கட்டை. வேறு சுருதி வேண்டுமானால் பியானோவின் நெம்புகோலைத் தள்ளுவார். கை அதே கட்டைகளில் இருக்கும். சுருதி மாறி விடும். அப்படி ஒரு பியானோ இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது.

மிகப் பழைய பாட்டுகளுக்குக் காசே வேண்டாம். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் லெவி என்பவர் சேர்த்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான பாட்டுத் தாள்கள் உள்ளன. உரிமைக் காலம் முடிந்த தாள்களை வீட்டிலிருந்தபடியே திரையில் பார்க்கலாம்.

மாணவர் இருவர்

1970-களின் நடுவில் இந்தக் கதை மறுபடி ஒரு முறை நடந்தது. பாஸ்டன் நகரில் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் இருவர், ஜாஸ் பாட்டுகளைத் தம் கையாலேயே அழகாக எழுதி நகல் எடுத்து விற்றார்கள். 'தி ரியல் புக்' என்று பெயர் வைத்தார்கள். 'ஃபேக் புக்' என்பதற்குப் பதிலடி! அது உலகம் பூராவும் பரவியது. எந்தக் கடையிலும் வெளியே தெரியாது. கேட்டால் உள்ளேயிருந்து வரும். அதில் சில சுரங்கள் தவறாக இருந்தன. அந்தத் தவறையே சரியென்று படித்து வாசித்தவர்களும் உண்டு.

2004-ல் ஹால் லெனார்டு என்ற நிறுவனம் உரிமைகளை வாங்கி, தவறுகளைத் திருத்தி அதை வெளியிட்டது. அந்த நிறுவனம் இருப்பதும் ஹாரிசின் அதே மில்வாக்கி நகரில்தான். பழைய கையெழுத்து மாதிரியே எழுத்து. அட்டையில் 'ஆறாம் பதிப்பு' என்று போட்டார்கள். முதல் ஐந்தும் கள்ளப் பதிப்புகள்!