பாய்மரப் போர்க்கப்பல்களின் வரலாறு



பாய்மரப் போர்க்கப்பல்கள் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது ஆண்டுகளையும் போர்களின் பெயர்களையும் மனனம் செய்து வரிசைப்படுத்தினால் மாத்திரம் போதாது. மாற்றங்கள் ஏன் ஏற்பட்டன என்பதையும் விளக்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு காலகட்டத்திலும் பீரங்கி கப்பலின் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று பாருங்கள். கப்பலின் அமைப்பு, போர் செய்த முறை, அக்கப்பலின் மறைவு ஆகிய மூன்றையும் இதனைக் கொண்டே விளக்கிவிடலாம்.

1. துடுப்பிலிருந்து பாய்க்கு

மத்தியதரைக் கடலில் நெடுங்காலமாகப் போருக்குப் பயன்பட்டவை துடுப்புக் கப்பல்கள் ஆகும். இவற்றின் இரு பக்கங்களையும் துடுப்பு வலிப்போர் நிரப்பியிருந்தனர். ஆகவே கனமான பீரங்கிகளை முன்புறத்தில் மாத்திரமே வைக்க முடிந்தது. 1571 இல் இடம்பெற்ற லெபந்தோ போரே துடுப்புக் கப்பல்கள் மோதிக்கொண்ட கடைசிப் பெரும் போராகும்.

பாய்க்கப்பலுக்குத் துடுப்பு வலிப்போர் தேவையில்லை. அதன் இரு பக்கங்களும் வெறுமையாக இருந்தன. எனினும் கனமான பீரங்கிகளை மேற்றளத்தில் அடுக்கினால் கப்பல் கவிழும் அபாயம் இருந்தது. ஏறத்தாழ 1500 ஆம் ஆண்டளவில் இதற்குத் தீர்வு கிடைத்தது. கப்பலின் பக்கச் சுவரில் மூடியுடன் கூடிய துவாரங்கள் வெட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள கீழ்த்தளத்தில் பீரங்கிகள் வைக்கப்பட்டன. பாரம் கீழே இருந்ததால் கப்பல் உறுதியாக நின்றது.

1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1509 இல் டையூ கடற்போரில் எகிப்திய மம்லுக்கியரையும் அவர்களது இந்திய நேச அணியினரையும் தோற்கடித்தனர். உறுதியான கப்பல்களும் கனமான பீரங்கிகளும் அவ்வெற்றிக்கு முக்கிய காரணங்களாகும்.

2. துவாரங்கள் தந்த ஆபத்து

நீருக்கு அண்மையில் துவாரம் இருப்பது நன்மையும் ஆபத்தும் சேர்ந்ததாகும். சுவீடனின் வாசா என்ற கப்பலை இதற்கு உதாரணமாகக் காட்டுங்கள். இரு பீரங்கித் தளங்களையும் 64 பீரங்கிகளையும் கொண்டிருந்த இக்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 ஆம் திகதி ஸ்டொக்ஹோம் துறைமுகத்திலிருந்து தனது முதற் பயணத்தை ஆரம்பித்தது. மேற்பகுதியின் பாரம் அதிகமாக இருந்தமையால் காற்று வீசியதும் கப்பல் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்த்தளத் துவாரங்களினூடாக நீர் புகுந்தது. ஏறத்தாழ 1300 மீற்றர் தூரம் சென்ற நிலையில் கப்பல் மூழ்கியது. 1961 இல் வெளியே எடுக்கப்பட்ட அக்கப்பலை இன்றும் ஸ்டொக்ஹோம் நூதனசாலையில் காணலாம்.

3. வரிசைப் போர்முறை

பீரங்கிகள் பக்கங்களில் இருந்தமையால் கப்பலின் பலம் பக்கத்திலும் பலவீனம் முன்புறத்திலும் பின்புறத்திலும் அமைந்தன. இதுவே நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய பிரதான கருத்தாகும். ஒரு கப்பலின் முன்புறத்தை அடுத்த கப்பலின் பின்புறம் காக்குமாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால் பலவீனம் மறைந்து, பலம் முழுவதும் எதிரியை நோக்கித் திரும்பும். ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் மோதிய முதலாவது போரின்போது (1652–1654), 1653 இல் ஆங்கிலக் கடற்படை வெளியிட்ட அறிவுறுத்தல்களில் இம்முறை இடம்பெற்றது.

வரிசையில் நிற்கும் கப்பல் எதிரியின் பெருங் கப்பலுக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆகவே கப்பல்கள் பீரங்கிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தரம் பிரிக்கப்பட்டன. 100 அல்லது அதற்கு மேற்பட்ட பீரங்கிகளைக் கொண்டவை முதலாந் தரக் கப்பல்கள். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதிகமாகப் பயன்பட்டது 74 பீரங்கிகளைக் கொண்ட மூன்றாந் தரக் கப்பலாகும். சிறிய, விரைவான பிரிகேட் கப்பல்கள் வேவு பார்க்கவும் வணிகக் கப்பல்களைப் பாதுகாக்கவும் பயன்பட்டன.

1765 இல் நீரில் இறக்கப்பட்ட பிரித்தானியாவின் விக்டரி கப்பலுக்கு ஏறத்தாழ 6000 மரங்கள் தேவைப்பட்டன. டிரபல்கார் போரில் அது 104 பீரங்கிகளையும் 800க்கு மேற்பட்ட ஆட்களையும் கொண்டிருந்தது. அதாவது, இத்தகைய கப்பலை அமைக்கக் காடும், நடத்த ஆட்பலமும், பேண அரச வருமானமும் வேண்டும். கடலாதிக்கம் சில நாடுகளின் கைகளில் குவிந்தமைக்கு இதனை ஒரு காரணமாக எழுதலாம்.

1805 ஒக்டோபர் 21 ஆம் திகதி டிரபல்காரில் நெல்சன் வழமையான வரிசையைக் கைவிட்டார். தனது 27 கப்பல்களை இரு அணிகளாக்கி, பிரான்ஸ்–ஸ்பானிய வரிசையின் 33 கப்பல்களை நோக்கி நேராகச் செலுத்தினார். நெருங்கும் வரை எதிரியின் குண்டுகளை முன்புறத்தில் தாங்க வேண்டியிருந்தது. ஆனால் வரிசையை ஊடறுத்ததும் எதிரிக் கப்பல்களின் பலவீனமான முன்புறமும் பின்புறமும் அவரது பீரங்கிகளுக்கு இலக்காயின. பிரித்தானியர் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. நெல்சன் அப்போரிலேயே உயிரிழந்தார்.

4. காற்றும் திருகோணமலையும்

பாய்க்கப்பல் காற்றை நம்பியே இயங்கியது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெருங் கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறைமுகம் இருக்கவில்லை. திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் அக்குறையை நிவர்த்தி செய்தது. 1782 ஜனவரியில் பிரித்தானியர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்ரனின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் அதனைப் பறித்தனர். செப்டெம்பர் 3 ஆம் திகதி அங்கு நடைபெற்ற கடற்போரில் எத்தரப்புக்கும் முடிவான வெற்றி கிட்டவில்லை. பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்ட துறைமுகத்தைப் பிரித்தானியர் 1795 இல் மறுபடியும் கைப்பற்றினர்.

இத்துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய பிரிகேட் கப்பலொன்று 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அது இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் இன்றும் மிதக்கின்றது.

5. மறைவு

முற்றிலும் பாய்க்கப்பல்களால் நடத்தப்பட்ட கடைசிப் பெரும் போர் 1827 இல் நவாரினோவில் இடம்பெற்றது. நீராவி இயந்திரம் கப்பலைக் காற்றிலிருந்து விடுவித்தது. ஆனால் ஆரம்பகால நீராவிக் கப்பல்களின் பக்கச் சில்லுகள் பீரங்கிகளுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1840களில் பின்புறச் சுழலி பயன்பாட்டுக்கு வந்ததும் அக்குறை நீங்கியது. 1853 இல் சினோப்பில் ரஷ்யரின் வெடிகுண்டுகள் துருக்கியரின் மரக்கப்பல்களை அழித்தன. 1859 இல் பிரான்ஸும் 1860 இல் பிரித்தானியாவும் இரும்புக் கவசக் கப்பல்களை நீரில் இறக்கின. 1862 இல் அமெரிக்காவின் மொனிட்டர் கப்பல் சுழலும் கோபுரத்தில் பீரங்கிகளுடன் போரிட்டது. இதன்பின் பீரங்கியைத் திருப்பக் கப்பலைத் திருப்ப வேண்டியதில்லை. பக்கம் முழுவதும் பீரங்கிகளை அடுக்கிய கப்பலின் தேவை அத்துடன் படிப்படியாக நீங்கியது.

பயிற்சி வினாக்கள்

1. துடுப்புக் கப்பலின் பக்கங்களில் கனமான பீரங்கிகளை வைக்க முடியாமைக்குக் காரணம் யாது?
2. வரிசைப் போர்முறை தோன்றிய காரணத்தை விளக்கி, டிரபல்காரில் நெல்சன் அதிலிருந்து விலகிய விதத்தைக் காட்டுக.
3. பாய்க்கப்பல் காலத்தில் திருகோணமலை முக்கியத்துவம் பெற்றமையை உதாரணங்களுடன் விளக்குக.